வாசலில் நிற்கும் நல்லவர்

நல்லது செய்வதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டுமா? கேள்வி கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றலாம். கெட்டது செய்கிறவன்தான் கேட்காமல் செய்கிறான். நல்லது செய்கிறவர் எதற்காகக் கைகட்டி நிற்க வேண்டும்?

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் இருக்கும் பூர்வகுடி மக்களின் ஊர்களுக்குச் சில குடும்பங்கள் சேவை செய்யப் போவது உண்டு. அப்பா பிளம்பராகவோ எலெக்ட்ரீஷியனாகவோ இருப்பார். அம்மா டீச்சர் அல்லது நர்ஸ். நகரத்தில் வேலை, சர்ச், வீட்டுக்கடன் எல்லாம் இருக்கிறது. சில மாதம் லீவு போட்டுவிட்டு, வண்டிக்குப் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு, பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு செம்மண் ரோட்டில் ஊர் ஊராகப் போவார்கள். ஒழுகுகிற குழாயைச் சரிசெய்வார்கள். பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள். சாயங்காலம் குழந்தைகளைக் கூட்டிவைத்து பைபிள் கதை, பாட்டு, விளையாட்டு. சம்பளம் கிடையாது. டீசல் செலவு கைக்காசு. அடுத்த வாரம் அடுத்த ஊர்.

நல்லவர்களா இவர்கள்? சந்தேகமே இல்லாமல். லீவு விட்டால் ஊட்டிக்கோ மாமியார் வீட்டுக்கோ போகிற நாம் இவர்களைக் கிண்டல் செய்வது அழகில்லை. ஆனால் அந்தப் பக்கம் நின்று ஒருமுறை பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் அபார்ட்மென்ட் வாசலில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் சிரித்த முகத்தோடு வந்து நிற்கிறது. 'உங்கள் படிக்கட்டுக்குப் பெயின்ட் அடிக்கப்போகிறோம், உங்கள் பிள்ளைகளுக்குக் கதை சொல்லப்போகிறோம்' என்கிறது. என்ன செய்வீர்கள்? 'செக்ரட்டரியைப் பாருங்க' என்று கதவைச் சாத்துவீர்கள். சாத்த முடியும், அதுதான் விஷயம். இதே மாதிரி சிரித்த முகத்தோடு போன தலைமுறையில் வந்தவர்கள் உங்கள் சித்தியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால், அந்தக் கதவை எப்படித் திறப்பீர்கள்?

இந்த ஊர்களில் வாசலில் வந்து நிற்கிற நல்லவருக்கு நூற்றைம்பது வருஷச் சரித்திரம் இருக்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே நூற்றிச் சொச்சம் கிலோமீட்டரில் ஹெர்மன்ஸ்பர்க். அரண்டா மக்கள் வைத்த பெயர் இன்டாரியா. தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஜெர்மன் லூதரன் பாதிரிமார்கள் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு ஏறக்குறைய இருபது மாதம் பாலைவனத்தில் நடந்து 1877-ல் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். யாரும் அவர்களை அழைக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் மாட்டுப்பண்ணைக்காரர்களும் வந்தார்கள், அவர்களையும் யாரும் அழைக்கவில்லை. தண்ணீர்த் துறைகள் மாடுகளுக்குப் போயின. எதிர்த்தவர்களைச் சுட்டார்கள். வில்ஷயர் என்ற போலீஸ்காரர் பூர்வகுடிகளைக் கொன்றதாக 1891-ல் கோர்ட்டுக்குப் போய் 'நிரபராதி' என்று வெளியே வந்தார். இந்த நிலைமையில் மிஷன் வேலிக்குள் இருந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். மிஷனரி என்றாலே வில்லன் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அவ்வளவு சுலபமில்லை.

1894-ல் அங்கே கார்ல் ஸ்ட்ரெலோ என்ற இருபத்திரண்டு வயது இளைஞர் பொறுப்புக்கு வந்தார். மறுவருஷம் ஃப்ரீடாவைக் கல்யாணம் செய்துகொண்டார். கார்ல் அரண்டா மொழியைக் கரைத்துக் குடித்தார், புதிய ஏற்பாட்டை அதில் மொழிபெயர்த்தார். பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர்களுடைய தொன்மக்கதைகளையும் சடங்குப் பாட்டுகளையும் கேட்டு எழுதிக்கொண்டார். அந்தப் புத்தகம் 1907 முதல் 1920 வரை பகுதி பகுதியாக ஃப்ராங்ஃபர்ட்டில் வெளியானது. வேடிக்கை என்னவென்றால், தன் மதத்துக்கு ஆகாது என்று அந்தச் சடங்கு ஒன்றையும் அவர் நேரில் போய்ப் பார்க்கவில்லை. எதை ஒழிக்க வந்தாரோ அதையே பத்திரமாக எழுதி வைத்த மனிதர்.

ஃப்ரீடா கைக்குழந்தைகளைக் காப்பாற்றுவதில் முனைந்தார். இதெல்லாம் நிஜமான நன்மை. கூடவே இன்னொன்றும் நடந்தது. மிஷனில் ரேஷன் கொடுத்தார்கள்: மாவு, சர்க்கரை, தேயிலை. காட்டுக்குள் போய்க் கிழங்கும் பழமும் வேட்டையும் தேடித் தின்ற ஜனங்கள், மாட்டுக்காரனிடம் காட்டையும் இழந்து, மாவு மூட்டைக்குப் பக்கத்தில் குடியேறினார்கள். அடுத்து வந்த பாதிரியார் ஆல்பிரெக்ட் 1926-ல் மனைவி மின்னாவோடு வந்து இறங்கிய நேரம், வருஷக்கணக்கில் மழை இல்லை. குழந்தைகள் ஒவ்வொன்றாகச் செத்தன. காரணம் ஸ்கர்வி. பசுமையாக எதுவும் தின்னாததால் வருகிற, ஆரஞ்சுப் பழத்தில் தீர்ந்துபோகிற நோய். யார் மேல் குற்றம் சொல்வீர்கள்? மாவு கொடுத்தவர் மேலா? கொடுக்காவிட்டால் முன்னாடியே செத்திருப்பார்கள். மாவை 'வேண்டாம்' என்று சொல்லும் நிலையில் அங்கே யாரும் இல்லை என்பதுதான் அதில் இருந்த நிஜமான கொடுமை என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே ஆல்பிரெக்ட் செய்த இன்னொரு காரியத்தைப் பாருங்கள். சில கிலோமீட்டர் தள்ளி மலையில் குப்ரில்யா என்று ஒரு ஊற்று. அதிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவரப் பணம் கேட்டார், அரசாங்கம் கைவிரித்தது. மெல்போர்னைச் சேர்ந்த யூனா, வயலெட் டீக் என்ற ஓவியச் சகோதரிகள் படக் கண்காட்சி வைத்துப் பணம் திரட்டினார்கள். அரண்டா ஆண்கள் கடப்பாரை பிடித்துக் கல்லுத் தரையில் கால்வாய் வெட்டினார்கள். 1935-ல் தண்ணீர் வந்தது. அந்த நாளை அந்த ஊர் திருநாளாகக் கொண்டாடியது. மாவு வந்த நாளை யாராவது கொண்டாடியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சித்தியைத் தூக்கிக்கொண்டு போன கதைக்கு வருகிறேன். 1910-லிருந்து 1970 வரை, மூன்றில் ஒன்று முதல் பத்தில் ஒன்று வரையிலான பூர்வகுடிக் குழந்தைகள் தாய்தகப்பனிடமிருந்து வலுக்கட்டாயமாகப் பிரிக்கப்பட்டார்கள் என்று 1997-ல் வெளியான அரசு விசாரணை அறிக்கை சொல்கிறது. பிள்ளைகளைக் கொண்டுபோய் வைத்த இடங்களில் பல, மிஷன் விடுதிகள். தூக்கியவர்கள் திருடர்கள் இல்லை. அதிகாரிகள், போலீஸ், தர்மசிந்தனையுள்ள பெண்மணிகள். 'குழந்தையின் நன்மைக்காக' என்றே ஃபைலில் எழுதினார்கள். அவர்களில் பலர் அதை மனசார நம்பியும் இருப்பார்கள். பிரதமர் கெவின் ரட் 2008 பிப்ரவரி 13 அன்று பார்லிமென்டில் எழுந்து ஸாரி சொன்னார். அந்த ஸாரி நல்லெண்ணத்துக்கும் சேர்த்துத்தான்.

'சரி ஸார், அப்படியானால் யாரும் எந்த உதவியும் செய்யக் கூடாதா?' என்று கேட்பீர்கள்.

கின்டோர் என்ற ஊரைப் பற்றிச் சொல்கிறேன். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல், மேற்கு எல்லையில். பின்டுபி மக்கள் 1981-ல் தங்கள் மண்ணுக்கே திரும்பி வந்து உண்டாக்கிக்கொண்ட ஊர். அங்கே பலருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரம் மூன்று தடவை டயாலிஸிஸ், சாகும்வரை. மெஷின் இருந்ததோ ஆலிஸ் ஸ்பிரிங்ஸில். எனவே பெரியவர்கள் ஊரை விட்டு, பேரப்பிள்ளைகளை விட்டு, தாங்கள் மட்டுமே பாடத் தெரிந்த பாட்டுகளையும் எடுத்துக்கொண்டு, நகரத்தில் ஓர் அந்நிய வீட்டில் மெஷினுக்காக உயிர் வாழ்ந்தார்கள். பாலைவனத்தின் நடுவில் கொண்டுவந்து டயாலிஸிஸ் மெஷின் வைக்க அரசாங்கம் தயாராயில்லை.

அவர்கள் ஓவியர்கள். கின்டோரிலும் பக்கத்து ஊரான கிவிர்குராவிலும் ஆண்களும் பெண்களும் உட்கார்ந்து பெரிய பெரிய ஓவியங்களைக் கூட்டாக வரைந்தார்கள். 2000-ல் சிட்னி ஆர்ட் கேலரியில் ஏலம். பத்து லட்சம் டாலருக்கு மேல் வசூல். 2004-ல் கின்டோரில் மெஷின் ஓட ஆரம்பித்தது. அதை நடத்துகிற சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் அவர்களே. பெயர் நீளமானது, அர்த்தம் சுருக்கமானது: 'எங்கள் குடும்பத்தாரையெல்லாம் நலமாக்குவது'. இன்று பல ஊர்களில் அவர்களுடைய மெஷின் ஓடுகிறது. சக்கரம் வைத்த டயாலிஸிஸ் அறையாக ஊதா நிற லாரி ஒன்றும் ஊர் ஊராகப் போகிறது, சாவு, திருவிழா என்று நோயாளிகள் சொந்த ஊருக்குப் போகவேண்டியிருந்தால்.

அந்த மெஷின்களை இயக்குகிற நர்ஸுகள் பலரும் வெளியிலிருந்து வந்து, கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறவர்கள்தான். கேரவன் குடும்பத்தைப் போலவே. வித்தியாசம், இவர்களை வேலைக்கு வைத்தது யார், 'போதும், கிளம்புங்க' என்று சொல்லக்கூடியவர் யார் என்பதில் இருக்கிறது. தகுதி, அன்பு, உழைப்பு எல்லாம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கலாம்.

'நாங்களும் கேட்டுவிட்டுத்தான் போனோம், சரி என்றார்களே' என்று அந்தக் குடும்பம் சொல்லும். இங்கேதான் சிக்கல். 1976-ல் வடக்கு ஆஸ்திரேலியாவில் அனுங்கா என்ற வழக்கில் நீதிபதி ஃபார்ஸ்டர் போலீஸுக்குச் சில விதிகள் போட்டார். பூர்வகுடிகளில் பலர் மரியாதை கருதி, கேட்கிறவர் என்ன பதிலை விரும்புகிறாரோ அதையே சொல்லிவிடுகிறார்கள், ஆகவே 'ஆமாம்' என்றால் ஆமாம் என்று எடுத்துக்கொள்ளாதே, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள் என்பது அதன் சாரம். நமக்கு இது நன்றாகப் புரிய வேண்டும். நம்மில் எத்தனை பேர் முகத்துக்கு நேரே 'முடியாது' என்கிறோம்? 'பார்க்கலாம்' என்கிறோம், 'வீட்ல கேட்டுச் சொல்றேன்' என்கிறோம். பொண்ணு பார்த்துவிட்டு 'ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்' என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக வெள்ளைக்காரரிடம் 'இல்லை' என்று சொல்லி அடிவாங்கியவர்களுடைய 'சரி'யை எத்தனை தரம் தட்டிப் பார்க்க வேண்டும்?

அதனால்தான் எனக்கு அந்த பெர்மிட் சீட்டு பிடித்திருக்கிறது. வடக்கு மாநிலத்தில் சுமார் பாதி நிலம், 1976-ல் வந்த நில உரிமைச் சட்டப்படி பூர்வகுடிகளுடையது. உள்ளே போக, பொதுவாக, முன்கூட்டியே விண்ணப்பம் போட வேண்டும். சேவை செய்யப் போனாலும்தான். 2007-ல் ராணுவத்தையும் கூட்டிக்கொண்டு 'குழந்தைகளைக் காப்பாற்ற' வந்த மத்திய அரசு, இந்த பெர்மிட் முறையில்தான் கைவைத்தது, இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையும் நிறுத்திவைத்தது. காப்பாற்ற வருகிறவருக்கு முதலில் உறுத்துவது கதவில் இருக்கிற தாழ்ப்பாள்தான் போலிருக்கிறது. ஊரில் சாவு விழுந்தால் துக்கம் முடியும்வரை வெளியாட்கள் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதும் உண்டு. கேரவனில் பெயின்ட் டப்பாவும் கிதாருமாக வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டியதுதான். முகம் சுளிக்காமல் திரும்புகிற குடும்பத்தை அடுத்த தடவை தைரியமாக உள்ளே விடலாம்.

கேரவனின் பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒன்று பாக்கியிருக்கிறது. அவர்களையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஸ்ட்ரெலோ தம்பதிக்கு ஆறு குழந்தைகள். 1910-ல் ஜெர்மனிக்குப் போனவர்கள், படிப்புக்காக மூத்த ஐந்து பேரை அங்கேயே விட்டுவிட்டு, கடைக்குட்டி தியோவை மட்டும் கூட்டிக்கொண்டு மிஷனுக்குத் திரும்பினார்கள். நடுவில் உலகப்போர். அந்த ஐந்து பேரும் அப்பாவை மறுபடி பார்க்கவே இல்லை. 1922 அக்டோபரில் கார்லுக்கு உடம்பெல்லாம் வீங்கி மூச்சு முட்டியது. டாக்டர் இல்லை. வண்டியில் நாற்காலியைக் கட்டி அவரை உட்காரவைத்து, வறண்ட ஃபிங்க் ஆற்று வழியே தெற்கே கொண்டுபோனார்கள். குதிரைகளை ஓட்டியவர்கள் அரண்டா மக்கள். ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற இடத்தோடு பயணம் முடிந்துவிட்டது. தியோவுக்கு வயது பதினான்கு.

அவன் அரண்டாப் பிள்ளைகளோடு மண்ணில் புரண்டு அந்த மொழியைத் தாய்மொழி மாதிரி பேசி வளர்ந்தவன். பெரியவனானதும் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனார். பெரியவர்கள் நம்பி அவரிடம் ரகசியச் சடங்குகளையும் புனிதப் பொருட்களையும் ஒப்படைத்தார்கள். 1978-ல் அந்த ரகசியச் சடங்குகளின் படங்கள் அவர் மூலமாக ஒரு ஜெர்மன் பத்திரிகைக்குப் போய், அங்கிருந்து ஆஸ்திரேலியப் பத்திரிகையிலும் வெளியாகி, பெரிய மனக்கசப்பானது. அதே வருஷம் இறந்துபோனார். அவர் சேர்த்தவை இப்போது ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் அவர் பெயரிலுள்ள ஆய்வு மையத்தில் இருக்கின்றன. அரண்டா ஆண்கள் அங்கே போய்த் தாத்தாக்கள் பாடிய பாட்டைக் கேட்கிறார்கள், வம்சாவளியைப் பார்த்துக்கொள்கிறார்கள். எல்லா அலமாரியும் எல்லோருக்கும் திறப்பதில்லை. எதை யாருக்குக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள்.