இறக்கம் கற்றுத்தருவது

சாரதி அனுமதிப்பத்திரம் வாகனத்தை எடுக்க உரிமை தரும். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று ஊகிக்கும் புத்தியை அது தருவதில்லை. பரீட்சை நடப்பது பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் மூடுபனி நேரம் கேட்டு இறங்குவதில்லை.

மலையில் ஏறுவதை எஞ்சின் பார்த்துக்கொள்ளும். இறங்குவதைச் சாரதிதான் பார்க்கவேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால், அது சூடேறிப் பிடியை இழக்கும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று பழைய லொறிக்காரர்கள் சொல்வது இதனால்தான். சின்னக் கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கும் மூச்சு கிடைக்கும். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியும், 2025 மே மாதத்தில் கொத்மலை கெரண்டி எல்லவும் பல உயிர்களைக் கொண்டுபோயின. இந்தப் பாதைகளில் அனுபவசாலிக்கும் சலுகை இல்லை. புதியவருக்கு எங்கிருந்து வரும்?

ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது, குருட்டு வளைவில் ஹோன் அடிப்பது, லயத்து வாசல்களைத் தாண்டும்போது பிள்ளைகளை எதிர்பார்ப்பது எல்லாம் காலோடும் கையோடும் ஒட்டிக்கொள்ள மாதங்கள் ஆகும். (தேயிலைக் கொழுந்து ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் பொறுமையாகப் போவதும் இந்தப் பாடத்தில் சேர்த்திதான்.) அதுவரை பக்கத்து ஆசனத்தில் பாதை தெரிந்த ஒருவர் இருப்பது நல்லது. பின்னால் வரும் வான்காரர் அவசரப்பட்டால், இடம் பார்த்து ஒதுங்கி அவரை முன்னால் விடலாம்.