ஜெபமும் வேண்டும், காவலும் வேண்டும்



2020 செப்டம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் ஆலயங்கள் மறுபடி திறக்கப்பட்டன. அந்த நாட்களில் வையம்பட்டியில் ஒரு வாலிபத் தம்பி என்னிடம், "ஐயா, ஜெபம் பண்ணிட்டுத்தானே வர்றோம், அப்புறம் மாஸ்க்கு எதுக்கு? அது அவிசுவாசம் இல்லையா?" என்று கேட்டார். "சரி தம்பி, உங்க விசுவாசப்படி செய்யுங்க" என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் முதல், மூச்சிரைப்புள்ள ஒரு வயதான தாயார் சபைக்கு வரவில்லை. பயந்துவிட்டார்கள். சபை திறந்தது, அவர்களுக்கு மட்டும் கதவு அடைபட்டது. அடைத்தது யார்? நான்தான்.

நெகேமியா 4-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். எதிரிகள் சூழ்ந்தபோது அவர் ஜெபம்பண்ணினார். அதோடு நின்றாரா? இரவும் பகலும் காவல் வைத்தார். மதில் தாழ்ந்த இடங்களில் ஆட்களை நிறுத்தினார். எக்காளம் ஊதுகிறவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இது அவிசுவாசமா?

ஒன்று மட்டும் போதும் என்று நினைப்பதில்தான் ஆபத்து. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 61 பேர் பாடல் பயிற்சிக்குக் கூடினார்கள். கைகளைச் சுத்தம்பண்ணினார்கள், கைகுலுக்கவில்லை. ஆனால் கட்டடத்துக்குள் இரண்டரை மணி நேரம் இருந்து பாடினார்கள். 53 பேர் வியாதிப்பட்டார்கள், இரண்டு பேர் மரித்தார்கள். கையைக் காத்தார்கள், காற்றை மறந்தார்கள்.

கொட்டகை வேய்கிறவரைக் கேளுங்கள். ஒரே கீற்று ஒழுகும். ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கினால் மழை உள்ளே வராது. மாஸ்க் ஓரத்தில் காற்று கசியும். ஜன்னல் திறந்திருந்தாலும் பக்கத்தில் இருமுகிறவரின் மூச்சு நம்மேல் படும். தடுப்பூசி கடும் வியாதிக்குக் காக்கும், தொற்றை முழுசாய்த் தடுக்காது. காய்ச்சல் வந்தவர் வீட்டில் இருந்தாலும், அறிகுறி தெரியுமுன்பே கிருமி பரவக்கூடும். ஒவ்வொன்றிலும் ஓட்டை உண்டு. ஒன்றின் ஓட்டையை மற்றொன்று மூடுகிறது.

பிரியமானவர்களே, என் உயிரை நான் விசுவாசத்தோடு தேவனுடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கலாம். பக்கத்தில் இருப்பவரின் உயிரை என் விசுவாசத்துக்குப் பணயம் வைக்க எனக்கு என்ன அதிகாரம்? அவரைக் காப்பது பயமல்ல, அன்பு.

இப்போதும் சளி, காய்ச்சல் காலம் வரத்தான் செய்கிறது. இருமலா? அந்த ஞாயிறு வீட்டிலிருந்தே ஜெபியுங்கள்; நாங்கள் உங்கள் வாசலில் வந்து ஜெபிக்கிறோம். வர்றவங்க ஜன்னலை எல்லாம் திறந்து வையுங்க. பலவீனரும் பயமின்றி வந்து உட்காரட்டும். கர்த்தர் தாமே உங்களைக் காப்பாராக. ஆமென்.