நாழிகையும் தழும்பும்

முதல் குழந்தையைச் சிசேரியன் மூலம் பெற்ற பெண் மறுமுறை கருவுறும்போது, மீண்டும் அறுவை சிகிச்சையா, சுகப்பிரசவத்துக்கு முயல்வதா என்பது மருத்துவம் மட்டுமே விடைசொல்லக்கூடிய வினாவாகத் தோன்றலாம். ஆனால் ஊழ், முயற்சி, தன் உடல்மீது ஒருவருக்குள்ள உரிமை ஆகிய மூன்றும் அதில் பிணைந்துகிடக்கின்றன. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்திய அளவில் 21.5 விழுக்காடாக உள்ள சிசேரியன் பிரசவம் தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடாக இருப்பதால், இவ்வினாவை எதிர்கொள்ளும் பெண்கள் இங்கு விதிவிலக்கானவர்கள் அல்லர்.

ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான் என்ற கூற்றை 1916இல் முன்வைத்தவர் எட்வின் கிராகின் என்னும் நியூயார்க் மருத்துவர். தேவையின்றி முதல் அறுவையைச் செய்துவிடாதீர்கள் என்று சக மருத்துவர்களை எச்சரிக்கவே அவர் அப்படிச் சொன்னார். எச்சரிக்கை மறக்கப்பட்டு, விதி மட்டும் நிலைத்தது. கருப்பையின் மேற்பகுதியில் நெடுக்காகக் கீறும் பழைய முறை மாறி, கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறை பரவியபின் அவ்விதியின் அடிப்படையே தளர்ந்தது. குறுக்குத் தழும்பு ஒன்று மட்டும் உள்ளவர்கள் சுகப்பிரசவத்துக்கு முயன்றால் நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்கு அது கைகூடுகிறது என்றும், வலியின்போது தழும்பு பிரிந்து கருப்பை கிழியும் ஆபத்து ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு உண்டு என்றும் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. மறுபுறம், ஒவ்வொரு சிசேரியனுக்குப் பின்னும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்தபடி அமைவதும், தழும்புக்குள் ஊடுருவிப் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்வதும் கூடிக்கொண்டே போகின்றன. அந்நிலையில் பெருகும் இரத்தப்போக்கை நிறுத்தக் கருப்பையையே அகற்ற நேரலாம்.

ஆகவே இது பாதுகாப்புக்கும் ஆபத்துக்கும் இடையிலான தேர்வு அன்று. கருப்பை கிழியும் ஆபத்து இன்றைய பிரசவத்தில், தாயோடு குழந்தையையும் தாக்குவது. நஞ்சுக்கொடி ஒட்டிக்கொள்ளும் ஆபத்தோ ஆண்டுகள் கழித்து, இன்னும் உருவாகாத கர்ப்பத்தில், பெரிதும் தாயைத் தாக்குவது. காலத்தாலும் ஆளாலும் வேறுபட்ட இவ்விரண்டையும் எடைபோட எண்கள் உதவும். ஆனால் எதற்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்பதை எண்கள் சொல்லமாட்டா. இரண்டாம் பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு அறுவையும் செய்துகொள்ளும் தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு இரண்டாவது ஆபத்து ஏறக்குறைய மறைந்துவிடுவதால், அவள் சிசேரியனைத் தேர்ந்தால் அதைக் கோழைத்தனம் என்பது பேதைமை. இயற்கையானதே நல்லது என்ற வாதமும் இங்கு நெடுந்தூரம் செல்லாது. தழும்பு இயற்கையின் படைப்பன்று.

சமயம் நேரடியாக நுழைவது நாள் குறிக்கும் இடத்தில். மறு சிசேரியன் பெரும்பாலும் முன்கூட்டியே திட்டமிடப்படுவதால், நல்ல நட்சத்திரத்தில் குழந்தையை எடுத்துவிடலாம் என்ற எண்ணம் குடும்பத்தில் எளிதில் எழுகிறது. சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கும்: பல பிறவிகளில் ஈட்டிக் குவித்த சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்த பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஏறும் ஆகாமியம். பிறந்த நேரத்துக் கோள்நிலை பிராரத்தத்தைக் காட்டும் குறி என்று கொண்டால், குறியை மாற்றி வினையை மாற்ற முயல்வது கடிகார முள்ளைத் திருப்பிப் பொழுதைத் தள்ளிவைப்பது போலாகும். அந்த நேரத்தைத் தேர்ந்ததும் ஊழின் செயலே என்று சோதிடர் தரப்பில் விடை கூறலாம். அவ்விடையில் முரண் இல்லை. ஆனால் அதை ஏற்றால், தானே வலியெடுத்து எந்த நேரத்தில் பிறந்தாலும் அதுவும் ஊழே ஆகிவிடுவதால், நாள் குறிக்கும் தேவையும் உடன் நீங்கிவிடுகிறது. 39 வாரம் நிறையும் முன் குறித்த நல்ல நேரமோ பிறக்கும் குழந்தைக்கு மூச்சுத்திணறலைத் தரக்கூடும்.

இச்சிக்கலைத் தமிழ் மரபு அறியாததன்று. திருவானைக்காவில் இறைவனுக்கு வலைப்பந்தல் இழைத்த சிலந்தி, சிவனருளால் சோழ அரசி கமலவதியின் வயிற்றில் கருவான கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், தாழ்த்துப் பிறந்தால் மகன் மூவுலகும் ஆள்வான் என்று சோதிடர் கூற, அரசி தன் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்கச் சொல்லிப் பிறப்பைத் தாழ்த்துகிறாள். கோச்செங்கணான் பிறக்கிறான், அவள் இறந்துபோகிறாள். அரச பிறப்பே அருளால் வாய்த்தபின் அந்த ஒரு நாழிகை எதற்கு என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. காவிரியின் தென்கரையில், திருச்சிராப்பள்ளி மலைமேல் உறையும் தாயுமானவர் கதை இதற்கு நேர்மாறானது: ஆற்று வெள்ளத்தால் தாய் வந்துசேர முடியாத கர்ப்பிணிக்கு இறைவன் அத்தாயின் வடிவில் வந்து பிரசவம் பார்க்கிறான், நேரம் பார்ப்பதில்லை. முதல் கதையில் பயன் மகனுக்கு, விலை தாய்க்கு. கமலவதி அவ்விலையைத் தானே விரும்பிக் கொடுத்தாள் என்பதே அச்செயலுக்குப் பெருமை சேர்க்கிறது. அவள் சார்பில் வேறொருவர் அதைக் கொடுத்திருந்தால் அது கொலையாகியிருக்கும்.

ஆகையால் யார் தீர்மானிக்கிறார் என்பதே கருதத்தக்கது. மயக்கநிலையில் இருந்த நோயாளியின் கருப்பையை, வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் சம்மதம் பெற்று அகற்றிய வழக்கில், அது நோயாளியின் சம்மதம் ஆகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. மறுபிரசவத்தின் முறையை மாமியாரும் கணவரும் மருத்துவரும் கூடிப் பேசி முடித்தபின் கையெழுத்துக்கு மட்டும் பெண்ணிடம் படிவத்தை நீட்டும் வீடுகளில் இத்தீர்ப்பு இன்னும் போய்ச்சேரவில்லை என்றே சொல்ல வேண்டும். அவள் கேட்கப்பட்டாலும், அந்த ஊர் மருத்துவமனையில் நள்ளிரவில் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரும், இரத்தமும், உடனே திறக்கக்கூடிய அறுவை அரங்கும் இல்லையெனில், சுகப்பிரசவத்துக்கு முயலும் வழி அவளுக்கு அடைபட்டே இருக்கிறது. அக்குறையை ஊழின் கணக்கில் எழுத எந்தச் சித்தாந்தமும் இடந்தரவில்லை, அது மருத்துவமனைகளை நடத்துவோரின் கணக்கில் சேர வேண்டியது.