வழி என்னும் எழுத்து

நல்லது எது, தீயது எது என்று ஆராயத் தொடங்கிய காலந்தொட்டு மனித இனம் ஓர் உவமையைக் கைவிடாது பற்றி வந்திருக்கிறது. வழி என்பதே அவ்வுவமை. கண்ணாற் காண இயலாத அறத்தைக் காலால் நடக்கக்கூடிய பாதையாகக் கண்டனர் நம் முன்னோர். நெறி என்னும் சொல் வழியைக் குறிப்பது. ஒழுக்கம் என்னும் பொருள் அதன்மேல் எழுந்தது. ஆறு என்னும் சொல் நீரோடும் ஆற்றையும் குறிக்கும். மக்கள் செல்லும் வழியையும் குறிக்கும். வள்ளுவர் அறத்தாறு என்று ஆளும்போது அறமே ஒரு பாதையாகிறது. அரபு மொழியில் ஷரியத் என்னும் சொல்லுக்கும் நீர்நிலைக்குச் செல்லும் வழி என்று அடிப்பொருள் கூறுவர்.

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் உள்ள தெலுக் பங்லிமா காராங் போன்ற ஊர்களில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் தலைமுறை தலைமுறையாக ஒரே சாலையில் நடந்து வருகின்றனர். ஆயினும், ஒருவர் அறத்தை எச்சொல்லால் சுட்டுகிறார் என்பதை மற்றவர் அறிய முற்படுவது அரிது. நம் தமிழ்ப்பள்ளிகளில் ஒழுக்கப் பாடத்திற்கு நன்னெறிக் கல்வி என்று பெயர். சீனப்பள்ளிகளில் அதே பாடத்தின் பெயர் 'தாவோ தே' என்னும் இரண்டு எழுத்துகளோடு தொடங்குகிறது. தாவோ என்பது வழி. தே என்பது அவ்வழியில் நிற்பதால் விளையும் நற்பண்பு. ஒருவர் எழுத்தை மற்றவர் படிக்க அறியாத இரு மாணவர் ஒரே சொல்லின் நிழலில் அமர்ந்து பயில்கின்றனர் என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

தாவோ என்னும் அவ்வெழுத்தின் அமைப்பு சிந்தனைக்குரியது. அதன் ஒரு பகுதி நடத்தலைக் குறிப்பது. மற்றொரு பகுதி தலையைக் குறிப்பது. பழைய வெண்கலக் கலன்களில் பொறிக்கப்பட்ட வடிவங்களில், நாற்சந்தியின் நடுவே ஒரு தலை நிற்கக் காணலாம். தலை அங்கே ஒலிக்குறிப்பாகவும் நின்றிருக்கலாம் என்பாரும் உளர். கி.பி. 100ஆம் ஆண்டளவில் சூ ஷென் தொகுத்த அகராதி, மனிதர் நடந்து செல்லும் வழி என்றே இதற்குப் பொருள் கூறுகிறது. கன்பூசியர் இதனை மனிதர் ஒழுக வேண்டிய நெறி என்று கொண்டார்; லாவோ சே மரபினர் உலகனைத்தையும் இயக்கும் பெயரிட முடியாத பொருள் என்று கொண்டனர். சொல்லுதல் என்ற பொருளும் இவ்வெழுத்துக்கு உண்டு.

சீன எழுத்தோடு இச்சொல்லும் கடல் கடந்தது. கொரியரும் சப்பானியரும் இதனை டோ என்று ஒலிப்பர். சப்பானியர் தம் சொந்த மொழியில் மிச்சி என்றும் படிப்பர். வியட்நாமியருக்கு இது சமயத்தையும் குறிக்கும் சொல்லாயிற்று. ஒழுக்கம் என்பதற்கு இம்மூன்று மொழிகளிலும் வழங்கும் சொல் தாவோ தே என்பதன் திரிபே. ஹொக்கைடோ என்னும் தீவின் பெயரில் உள்ள டோவும் இவ்வெழுத்தே. அங்கே அது ஆட்சிப் பிரிவைக் குறிக்கும். சப்பானில் கனோ ஜிகோரோ 1882இல் பழைய மற்போர்க் கலையைச் சீர்திருத்தியபோது, நுட்பம் எனப் பொருள்படும் பழைய சொல்லை நீக்கி ஜூடோ என்று பெயரிட்டார். எதிரியை வீழ்த்தும் திறன், தன்னைப் பண்படுத்தும் வழியாக உயர்ந்தது. நம் மாணவர் பயிலும் தேக்வாண்டோவின் ஈற்றில் நிற்பதும் அதுவே.

இச்சொல் நம் நாட்டுச் சொல்லோடு நேருக்கு நேர் நின்ற நிகழ்ச்சி ஒன்றுண்டு. காஞ்சி மாநகரைக் கண்டு சென்ற யுவான் சுவாங்கிடம், லாவோ சேயின் நூலை வடமொழியில் பெயர்த்துத் தருமாறு 647இல் சீனப் பேரரசர் பணித்தார். காமரூப நாட்டு மன்னன் பாஸ்கரவர்மன் அந்நூலை வேண்டியிருந்தான். தாவோ என்பதைப் போதி எனப் பெயர்க்க வேண்டும் என்றனர் தாவோ சமய அறிஞர். யுவான் சுவாங் இணங்கவில்லை. மார்க்கம் என்பதே நேரான சொல் என்று உறுதியாக நின்றார். போதி என்பது அடையும் பேறு. மார்க்கம் என்பது அதற்குச் செல்லும் வழி. அம்மொழிபெயர்ப்பு இன்று கிடைக்கவில்லை. எனினும் அவ்விவாதம் விட்டுச்சென்ற வினா வாழ்கிறது. வழியும் முடிவும் ஒன்றாகுமா?

இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று. வழியையே முடிவாகக் கொள்வோர், அது எங்கே கொண்டு சேர்க்கும் என்று கேட்க மாட்டார். சப்பானிய வீரர் நெறிக்குப் புஷிடோ என்று பெயர். நிதோபே இனாசோ 1900இல் எழுதிய நூலில் அதனை நேர்மையும் இரக்கமும் கலந்த நெறியாக விளக்கினார். ஆனால் படையாதிக்கம் ஓங்கிய பின்னர் அதே பெயர் கேள்வி கேளாத கீழ்ப்படிதலுக்குப் போர்வையாயிற்று. உயிரோடு சிறைப்படுதல் இழிவு என்று 1941இல் அப்படைக்கு விதி வகுக்கப்பட்டது. சிறைப்பட்டோரையும் ஏதிலியரையும் அப்படை எவ்வாறு நடத்தியது என்பதை மலாயாத் தமிழருக்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளத்திற்கு அமைக்கப்பட்ட சயாம் மரண இரயில் பாதைக்கு நம் தோட்டப் பாட்டாளிகள் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதோர் மிகப் பலர். நெறியின் பெயரால் வந்தவர் அமைத்த பாதை அது.

பிறரை மட்டும் குறை கூறுதல் நடுநிலைமை ஆகாது. குலநெறி என்று பெயரிட்டே நம்மவர் நம்மவரைத் தெருவில் நடக்கவும் விடாது தடுத்தனர். 1924இல் வைக்கத்தில் தொடங்கிய போராட்டம், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே நிகழ்ந்தது. பெரியார் அதற்காகச் சிறை சென்றார். நெறி என்று சொல்லிக்கொண்டே வழியை அடைத்த கொடுமை இது. ஆகவே, ஒன்றை நெறி என்று அழைப்பதால் மட்டும் அது அறமாகிவிடாது. வழி என்று சொல்லுதல் எளிது. அது வழியாய் இருத்தலே அரிது.

அவ்வாறாயின், உண்மை நெறியை எவ்வாறு அறிவது? அவ்வெழுத்தே ஒரு குறிப்புத் தருகிறது. தலையும் நடையும் கூடியது அது. இது மொழிநூலார் கூறும் முடிவன்று. நாம் அதன்மேல் ஏற்றிப் பார்க்கும் பொருளேயாகும். எண்ணாது நடப்பவன் பிறர் ஏவலுக்கு ஆளாவான். நடவாது எண்ணுபவன் நாற்சந்தியிலேயே நின்றுவிடுவான். அவ்வெழுத்தின் கீழே கையைக் குறிக்கும் உறுப்பு ஒன்றைச் சேர்த்தால், வழிநடத்துதல் என்னும் பொருளுடைய வேறோர் எழுத்தாகும். இங்கே நம் ஆற்றுப்படை இலக்கியம் நினைவுக்கு வருகிறது. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு பாணனைக் கண்டு, தான் சென்ற வழியைச் சொல்லி ஆற்றுப்படுத்துகிறான். அவன் அவ்வழியைத் தனதென்று மறைக்கவில்லை. வருபவனின் குலத்தையோ தகுதியையோ ஆராய்ந்து தடுக்கவில்லை. நக்கீரர் அம்மரபையே முருகனிடம் ஆற்றுப்படுத்தும் அருள்நெறியாக விரித்தார்.

இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம். பின்னால் வருபவனுக்குக் கை நீட்டும் வழி நெறியாகும். அவனை மிதித்துச் செல்லும் வழி, எத்துணை உயரிய பெயர் பூண்டாலும் நெறியாகாது. தாவோ என்றாலும் டோ என்றாலும் மார்க்கம் என்றாலும் ஒலிகள் வேறுபடலாம், இவ்வளவுகோல் வேறுபடுவதில்லை. நன்னெறிக் கல்வி கற்பிக்கும் ஆசிரியர்கள் அப்பாடத்தின் பெயரையே முதற் பாடமாகக் கொள்வார்களாக. பக்கத்துச் சீனப்பள்ளி மாணவனும் அதே பெயரைத்தான் படிக்கிறான் என்று நம் மாணவர்க்கு எடுத்துரைப்பதும் ஓர் ஆற்றுப்படையேயாகும்.