இடித்தாலும் எழும்பும்



நம்ம முத்தியால்பேட்டை ஜெபக்கூடத்து ஷெட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள் என்பது நீங்கள் அறிந்ததே. அந்தப் பாரத்தோடு போன சனிக்கிழமை வாலிபப் பிள்ளைகளோடு புதுவையின் பழைய ஆலயங்களைப் பார்க்கப் போனேன். 1855-ல் கட்டின கப்ஸ் கோவில், ரயிலடிப் பக்கம் 1907-ல் எழும்பின இருதய ஆண்டவர் கோவில், கடைசியில் மிஷன் வீதி ஜென்மராக்கினி மாதா கோவில். அண்ணாந்து பார்த்த ஒரு தம்பி, "பாஸ்டர், நமக்கு ஒரு ஷெட்கூட நிலைக்கலையே?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. நானும் உள்ளுக்குள்ளே அதைத்தான் முறுமுறுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தக் கோவிலின் சரித்திரத்தைக் கேளுங்கள். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து, பட்டணத்தோடு அங்கிருந்த கோவிலையும் இடித்துப்போட்டார்கள். இப்போது நிற்பது 1791-ல் முடிந்தது. நடுவே முப்பது வருஷம்! கல் போச்சு, ஜனம் போகலை. ஜனம் நின்றதால்தானே கல் மறுபடி எழும்பிச்சு?

உபதேசத்தில் அவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் இந்தப் பொறுமை நமக்கு உண்டா? பவுல் கொரிந்து சபைக்கு ஆலயம் என்று எழுதினது சுவரை அல்ல, விசுவாசிகளையே (1 கொரி. 3:16). ஷெட் போனதும் நாம் சிதறினால், இடிந்தது எது?

தேவபிள்ளையே, இந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு உன் வீட்டுத் திண்ணையைத் தருவாயா? கர்த்தர் அங்கே இறங்குவார். ஆமென், அல்லேலூயா!