ஆழ்வார் நெஞ்சில் பயிர் செய்தவன்

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

திருவாய்மொழி ஐந்தாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் ஆழ்வார் பராங்குச நாயகியாய் நின்று மடலூரத் துணிகிறார். எம்பெருமான் வரவில்லை. ஊரார் பழி தூற்றுகிறார்கள். தாயார் தடுத்துப் பேசுகிறாள். தோழியோ, "இத்தனைக்குப் பின்னும் வாராதவன் கல்நெஞ்சன் அன்றோ? அவனையா நினைத்துக் கிடக்கிறாய்?" என்னும் கருத்தால் அவளை மீட்கப் பார்க்கிறாள். அதற்கு விடையாக அமைந்தது நான்காம் பாசுரம். அந்த விடையை நாயகி ஒரு வேளாண்மைக் கணக்காகச் சொல்லுகிறாள் என்பதே இதில் நாம் ஊன்றி அநுபவிக்க வேண்டிய விஷயம்.

பாசுரத்தின் திரண்ட பொருள் இது. ஊராருடைய பழிச்சொல் எருவாயிற்று. தாயின் சொல் நீராயிற்று. நெஞ்சம் என்னும் பெரிய வயலிலே ஆசையாகிற ஈரநெல் விதைக்கப்பட்டு முளைத்தது. அது கடல் போன்ற காதலாய் விளைந்தது. விளையச் செய்தவன் மேக வண்ணனான நம் கண்ணன். தோழீ, இவ்வளவு பாடுபட்டவனையா கடியவன் என்கிறாய்?

காலக்ஷேபங்களில் இவ்விடம் வரும்போது "இது உருவகம்" என்று ஒரு வார்த்தையோடு கடந்து போவது நம்மில் பலருக்கு வழக்கமாகி விட்டது. எரு என்றால் என்ன, ஈரநெல் என்றால் என்ன என்று கேட்டால், சேற்றில் கால் வைத்தறியாத நமக்குச் சொல்லத் தெரிவதில்லை. ஆழ்வார் அவதரித்ததோ வேளாண் குலத்தில். திருவவதாரத் தலமான திருக்குருகூரோ பொதிகையில் பிறந்து வரும் தாமிரபரணியின் கரையில் உள்ளது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அந்த ஆற்றுக்கு நீர் தருவதால் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளையும் நாடு அது. நவதிருப்பதிகளைச் சேவிக்கப் போகும் பாகவதர்கள் ஒரு கோயிலிலிருந்து மற்றொரு கோயிலுக்குச் செல்லும் வழியெல்லாம் வயலும் வாழையும் பார்த்திருப்பார்கள். அங்கே வயலை அளப்பதற்கும் 'கோட்டை விதைப்பாடு' என்று ஒரு பழைய வழக்குண்டு. ஒரு நிலம் எவ்வளவு விதை கொள்ளுமோ அதுவே அதன் அளவு. அந்த மண்ணின் பிள்ளை 'நெஞ்சமாகிற பெரிய செய்' என்றால், அந்தப் பெருமை அது கொண்ட விதையின் பெருமை என்று கொள்ளலாம் அன்றோ?

'செய்' என்பது வயல். நன்செய், புன்செய் என்னும் சொற்களில் இன்றும் அது வாழ்கிறது.

எருவை முதலில் பார்ப்போம். எரு யாவது? வீட்டில் வைத்துக்கொள்ள ஒருவரும் விரும்பாதது. தொழுவத்தின் கழிவு, குப்பை, அழுகிய தழை. கண்டால் முகம் சுளிப்போம். ஆயினும் கொளுஞ்சியும் தக்கைப்பூண்டும் சணப்பும் பயிரிட்டு, அவை பூக்கும் சமயத்தில் மடக்கி உழுது சேற்றில் அழுகவிடுவது உழவர் மரபு. ஆட்டுக்கிடை போடுவதும் அதற்காகவே. பச்சைச் சாணத்தை அப்படியே இட்டால் இளம்பயிர் கெடும். மக்கிய பின்பே அது உணவாகும். ஊரார் பேச்சும் அப்படித்தான். முதல் நாள் காதில் விழும்போது சுடுகிறது. நாள்பட நெஞ்சில் கிடந்து மக்கியபின், "இத்தனை பேரும் அவனையும் என்னையும் சேர்த்தன்றோ பேசுகிறார்கள்" என்ற எண்ணமாக மாறி, அதுவே ஆசைக்கு உரமாகிறது. பழிப்பவர்களுடைய வாயிலும் அவன் திருநாமம் இவளோடு இணைந்து வருகிறதே! அவர்கள் கொட்டியது குப்பைதான். வயல் அதைக் குப்பையாக வைத்துக்கொள்ளவில்லை.

திருமண் காப்போடு அலுவலகம் செல்லும் பாகவதர்களுக்கு இது புதிதன்று. வெளிநாடுகளில் வாழும் அடியார்கள், அதிலும் இளையவர்கள், உடன் பணிபுரிபவரும் உறவினரும் சொல்லும் ஏளனத்தைக் கேட்டு மனம் கசங்கி எழுதுவதுண்டு. அவர்களுக்கு ஆழ்வார் காட்டும் வழி, பதில் சொல்லி வெல்லும் வழியன்று. அது வந்து விழட்டும், மக்கட்டும் என்பதே.

அடுத்தது நீர். எருவை உழவின்போது இடுகிறார்கள். நீரோ பயிர் முதிருமளவும் வேண்டும். ஊரார் பேசுவது அவ்வப்போது. தாயாரோ பொழுது விடிந்தால் அடைந்தால் சொல்லிக்கொண்டே இருப்பவள். ஆகவே ஊரார் சொல்லை எருவாகவும் தாய் சொல்லை நீராகவும் வைத்த பொருத்தத்தை மாற்ற முடியாது.

இங்கே ஒன்று சொல்ல ஆசை. இது வ்யாக்யானத்திலிருந்து எடுத்ததன்று, வயலிலிருந்து எடுத்தது. நெல் வயலில் ஏன் நீரைத் தேக்கி நிறுத்துகிறார்கள்? தாகம் தீர்ப்பதற்கு மட்டுமன்று. தேங்கிய நீரின் கீழே மண்ணில் காற்றில்லை. பெரும்பாலான களைகளின் விதைகள் அங்கே முளைக்க மாட்டாமல் மூச்சடைத்துப் போகின்றன. நெல்லுக்கு மட்டும் தண்டினுள்ளும் இலையுறையினுள்ளும் காற்றுப்புழைகள் உண்டு. மேலே இலைகள் பெறும் காற்றை அவை வேர் வரைக்கும் இறக்கித் தருகின்றன. களையை மூழ்கடிக்கும் அதே நீரில் நெல் செழிக்கிறது. தாயார் சொன்னது மகளின் ஆசையை மூழ்கடிப்பதற்காக. மூழ்கிப்போனவை மற்ற ஆசைகள். வீடு, சுற்றம், ஊர் மதிப்பு என்று நெஞ்சில் முளைக்கப் பார்த்த களைகளெல்லாம் அந்நீரின் கீழ் அழிந்தன. அவன்பால் கொண்ட ஆசை அழியவில்லை. அதன் மூச்சு மேலேயிருந்து வந்துகொண்டிருந்தது.

இனி ஈரநெல். விதைநெல்லை உலர்ந்தபடியே கொண்டுபோய்ச் சேற்றில் எறிவதில்லை. முதலில் உப்புக் கரைத்த நீரில் இடுவார்கள்; முட்டை மிதக்கும் அளவு உப்பு இருக்க வேண்டும். பதரும் அரைமணியும் மிதந்துவிடும். அவற்றை நீக்கி, தங்கிய மணிகளை நல்ல நீரில் கழுவி, சாக்கில் கட்டி ஒரு நாள் ஊற வைப்பார்கள். பிறகு நீரை வடித்து, வைக்கோலால் மூடி, கதகதப்பில் மேலும் ஒரு நாள் வைப்பார்கள். சாக்கைப் பிரித்தால் ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாய் ஒரு முனை எட்டிப் பார்க்கும். அந்த வேளையில் விதைத்துவிட வேண்டும். தாமதித்து முளை நீண்டுவிட்டால் கையாளும்போதே ஒடிந்து போகும். முளைக்காத நெல்லை விதைத்தால் வேர் பிடிக்கத் தாமதமாகிப் பறவைக்கும் அழுகலுக்கும் இரையாகும். வயலும் அதற்குள் உழுது, தொளியாக்கி, பரம்படித்துச் சமப்பட்டிருக்க வேண்டும்.

ஆழ்வார் வெறுமனே நெல் என்னாமல் ஈரநெல் என்றதன் சுவை இதில் உள்ளது. தமிழில் ஈரம் என்றாலே அன்பு; 'நெஞ்சில் ஈரமில்லாதவன்' என்று இன்றும் சொல்கிறோம். உலர்ந்த அறிவாக, சாஸ்த்ர வார்த்தையாக மட்டும் எம்பெருமான் இவள் நெஞ்சில் எதையும் இடவில்லை. தன் கையிலேயே நனைத்து, மூடி வைத்து, முளைவிட்டதைக் கண்டபின் இட்டான். ஆழ்வாருக்கு மயர்வற மதிநலம் அருளினான் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது இந்த ஈரநெல்லைத்தான். வெறும் மதியாக நில்லாமல் நலத்தோடு கூடிய மதியாயிருப்பதே அதன் ஈரம்.

இப்பொழுது பாசுரத்தின் உயிரான கேள்விக்கு வருவோம். எரு இட்டவர் ஊரார் அல்லர். அவர்களுக்கு இப்பயிரின் மேல் விருப்பமே இல்லை. நீர் பாய்ச்சியவள் தாயாரும் அல்லள். அவள் பயிரைப் பிடுங்கவே வந்தாள். நாயகி தானே விதைத்ததாகவும் சொல்லவில்லை. அவள் வயல் மட்டுமே. பகைவர் கொட்டியதை எருவாக்கி, தடுப்பவர் ஊற்றியதை நீராக்கி, விதையும் தானே இட்டு விளைவித்த உழவன் ஒருவன். திருமழிசையாழ்வார் நான்முகன் திருவந்தாதியில் அவனுக்குப் பக்தியைப் பயிர் செய்யும் உழவன் என்றே பெயரிட்டார். நப்பின்னைப் பிராட்டிக்காக ஏழு எருதுகளை அடக்கியவனை அங்கே உழவன் என்கிறார். எருதை வசப்படுத்துவதன்றோ உழவனுக்கு முதல் வேலை! இந்த ஸம்ஸாரம் அவனுடைய பழைய புனம், இதில் நாமாக விதை இட வேண்டுமோ என்றும் அப்பாசுரத்தில் கேட்கிறார். பழங்கொல்லையில் முன்பு உதிர்ந்ததே மழை கண்டால் தானே முளைக்கும்.

அப்படியானால் நமக்குச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லையா என்ற கேள்வி எழும். பிள்ளைலோகாசார்யர் திருவுள்ளப்படி சேதநன் பக்கல் வேண்டுவது விலக்காமை. வயலுக்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தை கிடையாது. வயல் உழுகிறதில்லை, விதைக்கிறதில்லை. இட்ட விதையைத் துப்பிவிடுவதும் இல்லை. கலப்பை கிழிக்கும்போது விலகுவதில்லை.

"அடியேனுடைய நெஞ்சு நல்ல வயல் அன்று, களர்" என்று சொல்லுபவர் உண்டு. நைச்யாநுஸந்தானமாகச் சொன்னால் அழகு. உண்மையிலேயே மனமுடைந்து சொன்னால் அவர்களுக்கு உழவர் செய்வதைக் காட்ட வேண்டும். களர் நிலம் என்று எந்த நல்ல உழவனும் கைவிட்டுப் போவதில்லை. ஜிப்சம் இடுகிறான், நல்ல நீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வடிக்கிறான், மறுபடி தேக்குகிறான், மறுபடி வடிக்கிறான். உவரைத் தாங்கி வளரும் தக்கைப்பூண்டை அதில் வளர்த்து அங்கேயே மடக்கி உழுகிறான். ஒரு பருவத்தில் திருந்தாவிட்டால் அடுத்த பருவத்திலும் செய்கிறான். நிலம் தன்னுடையது என்பதைத் தவிர அவனுக்கு வேறு காரணம் வேண்டுவதில்லை. ஸ்வாமி சொத்தை விடான் என்று நம் பூர்வர்கள் சொல்லும் சேஷசேஷி ஸம்பந்தத்தைக் களர் திருத்தும் ஒருவனிடம் போய்ப் பார்த்தால் நன்றாகப் புரியும். நாம் நாள்தோறும் தளிகை ஸமர்ப்பிக்கும் அரிசி அவன் கையிலிருந்து வந்தது என்பதையும் அப்போது நினைப்போம். வேதத்தைத் தமிழ் செய்த மாறன் பிறந்த குலத்தொழிலைத் தாழ்வாக எண்ணும் புத்தி நம்மில் எவருக்கேனும் இருக்குமாயின், அது திருவாய்மொழி ஓதுகிற வாய்க்குச் சேராது.

விளைவைப் பார்ப்போம். ஒரு நெல் முளைத்துத் தூர் கட்டிப் பல கதிர்கள் வாங்கும். நல்ல கதிர் ஒன்றில் 100 மணிக்கு மேலும் இருக்கும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1986இல் வெளிவந்த ஏ.எஸ்.டி. 16 என்னும் குறுகிய காலப் பயிர் 110 முதல் 115 நாள்களில் அறுவடைக்கு வரும். எவ்வளவு விளைந்தாலும் மரக்காலால் அளந்து மூட்டை கட்டி விடலாம். ஆழ்வார் நெஞ்சில் விளைந்ததோ கடல். விதைத்தவனே வந்தாலும் அளந்து முடிக்க முடியாத விளைச்சல். அறுவடைக்கு அவன்தான் வர வேண்டும், வேறு எவருக்கும் அதில் பங்கில்லை.

அவன் ஏன் வரவில்லை? தோழி கேட்டது அதுதானே. நாயகியின் விடை, விளைந்த பயிரைக் காட்டுவதே. இத்தனை எரு இட்டு, இத்தனை நீர் பாய்ச்சி, கதிர் முற்றும்வரை காத்தவன், அறுக்கும் நாளில் வயலை மறந்து போவானோ? உழைத்தவனுக்குத்தான் விளைவின் மேல் கண். வாராத நாள்களும் பயிர் முற்றுகிற நாள்களே.

குலசேகரப் பெருமாள் பாரதப்புழைக் கரையில் உள்ள திருவித்துவக்கோட்டு அம்மானிடம் விண்ணப்பித்ததும் இதன் மறுபக்கம். வானம் எத்தனை காலம் பெய்ய மறந்தாலும் பசும்பயிர் கருத்தெழும் மேகத்தையே பார்த்திருக்கும். அப்படியே நீ என் துயரைத் தீர்க்காவிடினும் என் சித்தம் உன்பாலே என்றார். வாடும் பயிர் கிணற்றைத் தேடி நடந்து போக முடியாது. அதற்குக் கால் இல்லை, வேர்தான் உண்டு. அநந்யகதித்வம் என்று நாம் பெரிய சொல்லால் சொல்வது அந்த வேரைத்தான்.

பராங்குச நாயகியும் அடுத்த பாசுரத்திலேயே அங்கு வந்து சேருகிறாள். நான்காம் பாசுரத்தில் "கடியவனா?" என்று தோழியை மறுத்துக் கேட்டவள், ஐந்தாம் பாசுரத்தில், "சரி, கடியவன் என்றே வைத்துக்கொள், கொடியவன் என்றும் சொல், அறிய அரிய மாயன் என்றும் சொல், ஆனாலும் இந்தப் பொல்லாத நெஞ்சு அவன் என்றே கிடக்கிறதே, தோழீ" என்கிறாள். வயல் பேசினால் இப்படித்தான் பேசும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.