லோகோவில் நின்றுபோன ஃபோன்

கொழும்பில் வெள்ளவத்தை காலி வீதியிலும் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கமும் உள்ள திருத்தும் கடைகளுக்கு வரும் ஃபோன்களில் ஒரு வகைக்கு உடைந்தது எதுவும் இராது. திரை நல்லது, பற்றரி நல்லது, போர்டில் எதுவும் கருகவில்லை. "தம்பி, லோகோவிலேயே நிக்குது, அங்கால போகுதில்லை" என்பார் சொந்தக்காரர். ஃபோனை எழுப்பும் நிரலான பூட்லோடரில் கை வைத்து, வேலை பாதியில் நின்றுபோன ஃபோன் அது.

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதம் 360 ரூபாயைத் தொட்டது. அந்த ஆண்டே கைத்தொலைபேசி இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. புதிது வாங்க வழியில்லாதபோது பழைய ஃபோனுக்குப் புதிய அண்ட்ரொய்ட் ஏற்றிப் பார்க்கும் ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மென்பொருளை எழுதியதில் வந்த பிழைக்காக ஒரு நல்ல ஃபோன் குப்பைக்குப் போவதுதான் தாங்காது.

ஃபோன் விழிப்பது படிப்படியாக. முதலில் ஓடுவது சிப்புக்குள் தொழிற்சாலையிலேயே பதித்துவிட்ட ஒரு சிறு நிரல். பூட் றொம் என்பார்கள். அதை யாராலும் அழிக்கவும் முடியாது, மாற்றி எழுதவும் முடியாது. அது பூட்லோடரை எடுத்து, உற்பத்தியாளரின் கையொப்பம் சரியா என்று பார்த்து ஓடவிடும். பூட்லோடர் அடுத்து இயங்குதளத்தின் மையமான கேர்னலைச் சோதிக்கும். கேர்னல் அண்ட்ரொய்டை எழுப்பும். அன்லொக் செய்வதென்றால் பூட்லோடர் செய்யும் அந்தச் சோதனையைத் தளர்த்துவது. ஆகவே ஃபோன் கையில் வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்தப் படி வரை உயிர் இருக்கிறது? இதை அறியாமல் கிடைத்த கோப்பையெல்லாம் ஏற்றினால், இருக்கும் படியும் போய்விடும். நான் பார்த்தவரை மீட்க முடியாமற்போன ஃபோன்களில் பல, முதல் தவறால் போனவை அல்ல. பதற்றத்தில் செய்த இரண்டாவது, மூன்றாவது முயற்சியால் போனவை.

அடிக்கடி நடப்பது இது. சீனச் சந்தைக்கென்று செய்த ஷாவ்மி ஃபோன் ஒன்றில் யாரோ பூட்லோடரைத் திறந்து, கூகுள் பிளே உள்ள உலகப் பதிப்பை ஏற்றியிருப்பார்கள். நன்றாகத்தான் ஓடும். ஆனால் வங்கிச் செயலி சில வேளை திறக்க மறுக்கும், பூட்லோடர் திறந்திருப்பதால். மீண்டும் பூட்டினால் சரியாகும் என்று நினைத்து ஒருவர் பூட்டுவார். அடுத்த தடவை எழும்பும்போது, இந்த மென்பொருளை இந்தச் சாதனத்தில் நிறுவ முடியாது என்ற அறிவிப்போடு ரிக்கவரித் திரை நிற்கும். சீன ஃபோனில் உலகப் பதிப்பு, அதுவும் பூட்டிய நிலையில்: சோதனை விடாது. இங்கே பூட்லோடர் உயிரோடுதான் இருக்கிறது. ஒலிக் குறைப்புப் பொத்தானையும் பவரையும் சேர்த்து அழுத்தினால், கணினியிலிருந்து மென்பொருள் ஏற்ற விடும் ஃபாஸ்ட்பூட் நிலை வரும். அந்த ஃபோனோடு முன்பே இணைத்த ஷாவ்மி கணக்கு இருந்தால் திரும்ப அன்லொக் செய்து, அதற்குரிய சீனப் பதிப்பையே ஏற்றலாம்.

திரையில் ஒன்றுமே வரவில்லை, அதிர்வும் இல்லை என்றால் யூஎஸ்பி வயரைக் கணினியில் செருகிப் பாருங்கள். திரை கறுப்பாகவே இருக்க, கணினி "டிங்" என்று ஓர் ஒலி எழுப்பினால் அது பெரிய ஆறுதல். டிவைஸ் மனேஜரில் சிப் நிறுவனமான குவால்கொமின் பெயரும் 9008 என்ற எண்ணும் தெரிந்தால், பூட்லோடர் போனாலும் பூட் றொம் காத்திருக்கிறது என்று பொருள். இதுதான் அவசரப் பதிவிறக்க நிலை. அந்த நிலைக்கும் தானாக வராத ஃபோனின் பின்மூடியைக் கழற்றி, போர்டில் உள்ள இரண்டு சிறு செம்புப் புள்ளிகளை ட்வீஸரால் தொட்டபடி வயரைச் செருகுவார்கள். ஆனால் அந்த வாசலிலும் உற்பத்தியாளரின் கையொப்பமிட்ட லோடர் கோப்பு வேண்டும். சில நிறுவனங்கள் அனுமதி பெற்ற கணக்கும் கேட்கும். மீடியாடெக் சிப்பில் இதே வேலைக்கு எஸ்பி ஃபிளாஷ் டூல். அதில் எல்லாவற்றையும் அழித்து எழுதும் 'ஃபோர்மட் ஓல்' என்ற தெரிவை மட்டும் தொடவே வேண்டாம். ஐஎம்இஐ எண்ணும் சிக்னல் அளவீடுகளும் இருக்கும் பகுதி அதோடு போய்விடும்.

பழைய பதிப்புக்குத் திரும்புவதிலும் ஒரு பொறி உண்டு. 2022 ஓகஸ்டில் அண்ட்ரொய்ட் 13 வந்தபோது, பிக்சல் 6 வரிசை ஃபோன்களின் பூட்லோடரை 12க்குத் திருப்ப முடியாதபடி கூகுள் அடைத்தது. அந்த ஃபோன்களில் மென்பொருளுக்கு இரண்டு இடங்கள். ஒன்றில் புதியதும் மற்றதில் பழைய பூட்லோடரும் இருந்து, பழைய பக்கத்துக்கு மாறினால் ஃபோன் எழும்பாது. இரண்டிலும் புதியதை எழுதச் சொன்னது கூகுளே.

ஃபோனில் இருந்த படங்களைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பூட்லோடரை அன்லொக் செய்யும் கணமே உள்ளிருந்த தரவு அழியும். மெமரி சிப்பைக் கழற்றிப் படிப்பதாகச் சொன்னாலும் இன்றைய ஃபோன்களில் பலனில்லை. தரவு மறையாக்கப்பட்டிருக்கும், அதன் திறவுகோல் அந்த ஃபோனின் சிப்போடு கட்டுண்டது.

திருத்திய ஃபோனைக் கையில் வாங்கியதும், காசு கொடுக்க முன், *#06# அடித்து வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப் பாருங்கள். இரண்டு சிம் ஃபோனுக்கு இரண்டு எண்கள் வரும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறதா என்று 1909க்கு குறுஞ்செய்தி அனுப்பியும் அறியலாம். எண் வெறுமையாக வந்தால், வேறொரு எண்ணை எழுதித் தருவதாகக் கடைக்காரர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெட்டியில் உள்ள அதே எண்ணை மீட்டுத் தரச் சொல்லுங்கள்.